அரவை இயந்திரம் வாங்கும் முன் மூன்று சந்தை

ராகி மாவு, சத்துமாவு என்று தொழில் தொடங்குபவர்கள் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், 20 கிலோவை மட்டும் ஊர் மில்லில் கூலிக்கு அரைத்து, அரைக் கிலோ பொட்டலங்களாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தொடர்ந்து மூன்று வாரம் விற்றுப் பாருங்கள். முதல் பொட்டலம் கட்டும் முன்பே, "இவ்வளவு போனால் நிறுத்திவிடுவேன்" என்று ஒரு தொகையைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

முதல் வாரம் தெரிந்தவர்கள் முகத்துக்காக வாங்குவார்கள். மூன்றாம் வாரம் தேடி வந்து கேட்பவர்தான் வாடிக்கையாளர். மாவு கொரகொரப்பாக இருக்கிறது, களி கட்டி தட்டுகிறது என்று யாராவது பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால், பணத்தைக் கொடுத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரி விற்ற பணத்தைவிட மதிப்புள்ளது. கூலி அரவையில் சல்லடையை மாற்றினால் தீர்ந்துவிடும் குறை, கடன் வாங்கி இயந்திரம் இறக்கிய பிறகு தெரிந்தால் வட்டியோடு சேர்ந்து நிற்கும். எழுதிவைத்த தொகையும் அதற்காகத்தான்: நஷ்டம் வந்த பிறகு மனம் நிதானமாகக் கணக்குப் போடாது, இன்னும் ஒரு மாதம் என்றே இழுக்கும்.

20 கிலோதானே என்று உணவுப் பாதுகாப்புப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். சிறு வியாபாரிகளுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான்.

மாம்பழக் கூழுக்கு இந்த வழி ஒத்துவராது. கிருஷ்ணகிரியில் காய் வரத்து குறுகிய காலம்தான்; மூன்று வாரம் சோதித்து முடிப்பதற்குள் பருவத்தில் கணிசமான பகுதி போய்விடும்.