அலுவலகத்தில் இம்ப்ரோவ்: சிரிக்க வைக்க அல்ல, காது கொடுத்துக் கேட்க

எழுதி வைத்த வசனம் இல்லாமல், அந்த நொடியில் தோன்றுவதை வைத்து நடிப்பதுதான் இம்ப்ரோவ். அதற்கு நகைச்சுவை உணர்வு வேண்டும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் வேண்டியது காதுதான். எதிரில் இருப்பவர் இப்போது சொன்னதைத் தவிர நடிகர் கையில் வேறு எதுவும் கிடையாது.

1930களில் சிகாகோவில் வயோலா ஸ்போலின் நடிப்புப் பயிற்சியை விளையாட்டுகளாக மாற்றினார். அவர் மகன் பால் சில்ஸ் 1959இல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய செகண்ட் சிட்டி என்ற இம்ப்ரோவ் குழு, நிறுவனங்களுக்கும் பயிற்சி தருகிறது. நாம் சின்ன அளவில் ஆரம்பிக்கலாம்: ஆறு முதல் எட்டுப் பேர், அரை மணி நேரம், கதவு மூடிய அறை. மேலாளர் வந்தால் அவரும் ஆட வேண்டும். ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி இல்லை.

1. இருபது வரை எண்ணுங்கள்

வட்டமாக நின்று தரையைப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் அடுத்த எண்ணைச் சொல்லலாம். இரண்டு பேர் ஒன்றாகச் சொன்னால் மறுபடி ஒன்றிலிருந்து. வரிசையும் சைகையும் கூடாது.

2. கடைசிச் சொல்லைப் பிடியுங்கள்

இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் முடித்த சொல்லில்தான் மற்றவர் தொடங்க வேண்டும்.

“அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.”

“முடியாது என்றால், எந்தப் பகுதி வரை கிடைக்கும்?”

“கிடைக்கும் தரவை வைத்து முதல் பாதியைத் தரலாம்.”

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். ‘முடியும்’ என்கிறாரா, ‘முடியாது’ என்கிறாரா என்பது அதுவரை தெரியாது. அதனால் பாதியிலேயே பதில் தயாரிப்பவர் இங்கே உடனே மாட்டிக்கொள்வார். ஒரே ஒரு விளையாட்டுக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

3. ஆமாம், அப்புறம்…

புதிதாகச் சேர்ந்தவரை வரவேற்பது போல லேசான விஷயம் ஒன்றைத் திட்டமிடுங்கள். முதல் சுற்றில் எல்லா யோசனைக்கும் “வேண்டாம்”. அடுத்ததில் “சரி, ஆனால்”. மூன்றாவதில் “ஆமாம், அப்புறம்” என்று சொல்லி ஒன்றைச் சேருங்கள். இரண்டாவது சுற்று மரியாதையாகத் தெரியும். ஆனால் யோசனை அங்கேயும் நகராது.

இதை எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். “ஆமாம், இரண்டு நாளில் வேண்டும் என்பது புரிகிறது. அப்புறம், சோதனைக்கு இன்னொருவர் வேண்டும்” என்பதும் இதே பயிற்சிதான்.

4. நெற்றியில் சீட்டு

மேடையில் யார் பெரியவர், யார் சிறியவர் என்ற ஏற்ற இறக்கத்தை வைத்தே நிறையப் பயிற்சிகள் தந்தவர் இம்ப்ரோவ் ஆசிரியர் கீத் ஜான்ஸ்டோன். அந்த வழியில் வருவது இது. ஆளுக்கொரு எண் சீட்டு; நீங்கள் பார்க்காமல், மற்றவர்களுக்குத் தெரியும்படி நெற்றியில் பிடியுங்கள். எண் பெரிதானால் மற்றவர்கள் கூடுதல் மரியாதை காட்ட வேண்டும். கடைசியில் அவரவர் எண்ணை ஊகித்து வரிசையாக நில்லுங்கள். பதவிச் சண்டை உள்ள குழுவில் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரே கேள்வி: “அவர் பேசி முடிக்கும் முன்பே எங்கே பதில் யோசிக்க ஆரம்பித்தீர்கள்?” ‘என்ன கற்றுக்கொண்டீர்கள்’ என்று கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வரும்.

கூச்சப்படுபவரை இழுக்காதீர்கள். நேரம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள். விருப்பமிருந்தால் அவரே வட்டத்துக்குள் வரட்டும்.