வடசென்னையில் வீடு வாங்குவோர் பத்திரச் சொற்களைப் படிக்கும் முறை

பெரம்பூரிலோ கொடுங்கையூரிலோ வீடு பார்க்கப் போகிறவரிடம் தரகர், "அரை கிரவுண்ட் சார், ஈசி கிளியர், லோன் கிடைக்கும்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். ஒரு கிரவுண்ட் என்பது 2400 சதுர அடி. ஆகவே அரை கிரவுண்ட் 1200. அளவைப் பொறுத்தவரை அவ்வளவுதான். நின்று பார்க்க வேண்டிய சொல் ஈசி.

ஈசி எனப்படும் வில்லங்கச் சான்றிதழ், நாம் கேட்கும் காலத்துக்குள் அந்தச் சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை ஆகியவற்றின் பட்டியல் மட்டுமே. பதிவாகாத எதுவும் அதில் வராது. தந்தை இறந்தபின் நான்கு பிள்ளைகளில் ஒருவர் மட்டும் வீட்டை விற்க வந்தால், மற்ற மூவரின் பங்கைப் பற்றி ஈசி வாயே திறக்காது. எனவே குறைந்தது 30 ஆண்டுகளுக்கு ஈசி போட்டுப் பார்ப்பதுடன், வாரிசுச் சான்றிதழையும், தாய்ப்பத்திரம் எனப்படும் மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளரின் கிரயப் பத்திரம் வரை தொடர் அறாமல் வரும் பத்திரங்களின் அசலையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவேட்டில் நிலம் யார் பெயரில் உள்ளது என்பதைக் காட்டுவது. நகரப் பட்டாவில் வார்டு, பிளாக், நகரப் புல எண் ஆகியவை இருக்கும். பழைய பத்திரத்திலோ பழைய சர்வே எண் இருக்கும். இரண்டும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றனவா என்று எல்லைகளை வைத்துச் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. சிட்டா, அடங்கல் ஆகிய வருவாய்ப் பதிவுகள் விவசாய நிலத்துக்கு உரியவை. நகருக்குள் கட்டிய வீட்டுக்கு அவற்றைக் காட்டினால் அதற்குப் பெரிய பொருளில்லை.

பழைய குடியிருப்புகளில் முதலில் கேட்க வேண்டிய சொல் அடிமனை. கட்டடம் ஒருவருடையதாகவும், அது நிற்கும் நிலம் கோயிலுடையதாகவும் இருக்கும் வீடுகள் உண்டு. குடியிருப்பவர் கோயிலுக்கு அடிமனை வாடகை செலுத்திவருவார். அத்தகைய வீட்டில் விற்பவரிடம் இருப்பது கட்டடத்தின் மீதான உரிமை மட்டுமே. விலை மலிவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், பத்திரத்தின் சொத்து விவரத்தில் 'மனையும் கட்டடமும்' என்று எழுதியிருக்கிறதா, 'கட்டடம் மட்டும்' என்று எழுதியிருக்கிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். அரசு வாரியம் கட்டி ஒதுக்கிய குடியிருப்பாக இருந்தால், ஒதுக்கீட்டு ஆணை மட்டும் உள்ளதா, விற்பனைப் பத்திரமும் பதிவாகியுள்ளதா என்பதே கேள்வி.

அடுக்குமாடி வீட்டுக்கு யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, உயிர்நாடி. ஒரு கிரவுண்டில் சம அளவுள்ள ஆறு வீடுகள் கட்டியிருந்தால் வீட்டுக்கு 400 சதுர அடி வர வேண்டும். 300 என்று எழுதியிருந்தால் மீதி 600 சதுர அடி யார் பெயரில் நிற்கிறது என்று கேளுங்கள். நாளை கட்டடத்தை இடித்துக் கட்டும்போது அந்தப் பங்குதான் பேசும். கார்பெட் ஏரியா என்பது வெளிச்சுவரும் பால்கனியும் நீங்கலாக வீட்டுக்குள் புழங்கும் பரப்பு.

வழிகாட்டி மதிப்பு, தெருவாரியாக அரசு வைத்திருக்கும் விலை. மனைக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. பேசிய விலை கூடுதலாக இருந்தால் அதன் மீதே கணக்கிட வேண்டும். "கைடுலைன் வேல்யூவுக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கலாம்" என்று தரகர் சொன்னால் மறுத்துவிடுங்கள். மீதியை ரொக்கமாகக் கொடுத்ததற்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் மிஞ்சாது.