காஷ்மீர் செர்ரியைச் சர்க்கரை இல்லாமல் சேமிப்பது எப்படி? மூட்டுவலிக்காரர்களுக்கான செய்முறை

காஷ்மீர் செர்ரிக்கு மே நடுவில் சீசன் தொடங்கும், ஜூலையோடு முடிந்துவிடும். நம் ஊர்ப் பழக்கடைகளில் சின்ன அட்டைப் பெட்டிகளில் அது நன்றாகக் கிடைப்பது ஜூன் மாதத்தில்தான். எங்கள் அப்பாவுக்குக் கவுட் (ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டுவலி) இருப்பதால், அந்தச் சில வாரங்களுக்குள் நல்ல பழமாகப் பார்த்து வாங்கி, பின்னால் வரும் மாதங்களுக்கு எடுத்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இதுவரை செர்ரியைத் தொட்டே பார்க்காதவரும் செய்யும்படி அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

பழத்தைப் பதப்படுத்துவது என்றாலே நமக்கு ஜாம், முரப்பா, சர்க்கரைப் பாகுதான் நினைவுக்கு வரும். கவுட்டுக்காகச் சாப்பிடுபவருக்கு அது சரிப்படாது. நாம் பயன்படுத்தும் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அது கல்லீரலில் உடையும்போது யூரிக் அமிலம் கூடும். எதைக் குறைக்கச் செர்ரி சாப்பிடுகிறோமோ, அதையே பாகு ஏற்றிவிடும். அதனால் கீழே வரும் எந்த முறையிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரைகூடச் சேர்க்கப்போவதில்லை.

எந்த மூட்டுவலிக்கு இது உதவும்?

முழங்கால் தேய்மானம், முடக்குவாதம், கவுட் மூன்றும் வேறு வேறு நோய்கள். செர்ரிக்கு ஓரளவு ஆதாரம் இருப்பது கவுட்டுக்குத்தான். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், அது கரையாமல் ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டில் தங்கக்கூடும். பெரும்பாலும் கால் கட்டைவிரலில்தான் முதலில் பிடிக்கும். நடு ராத்திரியில் விரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும். பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

செர்ரி விஷயத்தை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் லுட்விக் பிளாவ். 1950-ல், செர்ரி சாப்பிட்டுத் தேறிய 12 பேரைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். 2003-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆரோக்கியமான பெண்கள் 10 பேருக்கு பிங் என்ற ரகத்து இனிப்புச் செர்ரி 280 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து மணி நேரத்தில் ரத்தத்தில் யூரிக் அமிலம் சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தது. 2012-ல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு, கவுட் உள்ள 633 பேரை ஓர் ஆண்டு பின்தொடர்ந்தது. செர்ரி சாப்பிட்ட இரண்டு நாள் இடைவெளிகளில் வலி வரும் வாய்ப்பு, சாப்பிடாத நாட்களைவிட 35 சதவீதம் குறைவாக இருந்தது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையும் செர்ரியும் சேர்ந்தபோது 75 சதவீதம் குறைவு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 633 பேரும் சாப்பிட்டதையும் வலி வந்ததையும் தாங்களே பதிவு செய்தவர்கள். செர்ரிதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. 2020-ல் நியூசிலாந்தில் கவுட் உள்ள 50 பேரை வைத்துப் புளிப்புச் செர்ரிச் சாற்றை நான்கு வாரம் சோதித்தபோது, சாறு குடித்தவர்களுக்கு யூரிக் அமிலம் குறையவே இல்லை. முழங்கால் தேய்மானத்துக்கு 2013-ல் ஆறு வாரம் செர்ரிச் சாறு கொடுத்த ஆய்விலும், ஒப்பிடுவதற்காகச் செர்ரி இல்லாத போலிச் சாறு குடித்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

என்னுடைய முடிவு இதுதான்: கவுட் உள்ளவர், மருத்துவர் எழுதிய மாத்திரையோடு சேர்த்துச் செர்ரியையும் உணவில் வைத்துக்கொள்ளலாம். மாத்திரைக்குப் பதிலாக ஒருபோதும் வேண்டாம். 'செர்ரி சாப்பிடுகிறேனே' என்று அலோபியூரினாலையோ அதே வேலை செய்யும் ஃபெபுக்ஸோஸ்டாட்டையோ நிறுத்தினால், படிகம் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

படி 1: சரியான பழத்தை வாங்குங்கள்

பேக்கரியில் கேக் மேலும் பன்னிலும் இருக்கும் பளிச் சிவப்பு உருண்டையை நம்பி வாங்காதீர்கள். நம் நாட்டில் அது பெரும்பாலும் களாக்காய். கொட்டையை எடுத்து, பாகில் ஊறவைத்து, சாயம் ஏற்றி விற்கிறார்கள். பாட்டிலில் வரும் மராஷினோ நிஜச் செர்ரிதான், ஆனால் அதன் சொந்த நிறத்தை முழுக்க வெளுத்துவிட்டுப் புதிதாகச் சாயம் போட்டிருப்பார்கள். செர்ரியில் பலன் தருவதாகக் கருதப்படும் ஆந்தோசயனின் என்ற நிறச்சத்துதான் அந்தச் சொந்த நிறம், அது போனபின் மிஞ்சுவது சர்க்கரை. தெருவோரத்து மரங்களில் காய்க்கும் தேன்பழத்தைச் சிலர் சிங்கப்பூர் செர்ரி என்பார்கள். சாப்பிட ருசியானது, ஆனால் வேறு குடும்பத்துப் பழம்.

காஷ்மீரிலிருந்து மிஸ்ரி, மக்மலி, டபுள் என்று பல ரகங்கள் வருகின்றன. சேமிக்க மிஸ்ரி நல்லது, சதை கெட்டியாக இருக்கும். மக்மலி மிருதுவானது, சீக்கிரம் குழையும். ஷிம்லா பக்கம் நார்கண்டா, கோட்கரிலிருந்து வருவதும் நல்ல பழம்தான்.

செர்ரி பறித்தபின் பழுக்காது. மாம்பழம்போல் வீட்டில் வைத்துப் பழுக்கட்டும் என்று வெளிர் சிவப்பை வாங்கினால் அப்படியேதான் இருக்கும், இல்லாவிட்டால் அழுகும். நல்ல கருஞ்சிவப்பாகப் பாருங்கள். அடுத்து காம்பைப் பாருங்கள். பச்சையாக, வளைந்துகொடுக்கும்படி இருந்தால் புதுசு. பழுப்பாகக் காய்ந்து, தொட்டாலே கழன்றால் பழசு. பெட்டியின் மேல் அடுக்கு எப்போதும் அழகாகத்தான் இருக்கும், அதனால் அடியைப் பாருங்கள். அட்டையில் ஈரக்கறை இருந்தால் உள்ளே நசுங்கிய பழம் இருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: வீட்டுக்கு வந்ததும்

உடனே கழுவத் தோன்றும், கழுவாதீர்கள். காம்பு சேரும் குழியில் தண்ணீர் தங்கி அங்கிருந்துதான் பூஞ்சை பிடிக்கும். ஒரு தட்டில் கொட்டி, வெடித்தது, நசுங்கியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் தனியே எடுங்கள். பூஞ்சை பிடித்ததைக் குப்பையில் போடுங்கள். லேசாக நசுங்கியதை அன்றைக்கே சாப்பிட்டுவிடலாம்.

மீதியைக் காம்போடு, அடியில் மெல்லிய துணி விரித்த டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடாகும். ஒரு வாரம் வரை தாங்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சாப்பிடுவதற்கு முன் கழுவுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைக்கப் போவதை முதல் நாளே ஃப்ரீசருக்குத் தயார் செய்துவிடுங்கள்.

படி 3: கொட்டை எடுப்பது

இதுதான் நேரம் பிடிக்கும் வேலை. பழைய உடையைப் போட்டுக்கொள்ளுங்கள், செர்ரிக் கறை துணியில் பட்டால் லேசில் போகாது.

பழத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி ஈரம் போகக் காயவிடுங்கள். காம்பைக் கிள்ளி எடுங்கள். வாய் குறுகலான கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்து, அதன் வாயில் பழத்தைக் காம்புக்குழி மேலே பார்க்கும்படி உட்கார வையுங்கள். கனமான ஸ்டீல் ஸ்ட்ராவைக் குழியில் வைத்து நேராக ஓர் அழுத்து. முதலில் கொட்டையில் இடிக்கும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் 'டக்'கென்று கொட்டை பாட்டிலுக்குள் விழும், சதை மேலேயே நிற்கும். பாட்டிலில் சேரும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், வடிகட்டிக் குடிக்கலாம். ஸ்ட்ரா இல்லையென்றால் சின்னக் கத்தியால் சுற்றிக் கீறி, இரண்டாகத் திருகி எடுக்கலாம்.

ஒவ்வொரு பழத்தையும் விரலால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கொட்டையின் உள்ளே அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது, அது உடைந்தால் சயனைடு வெளிப்படும். தெரியாமல் ஒரு கொட்டையை முழுதாக விழுங்கினால் பயப்படத் தேவையில்லை. ஆனால் கொட்டையோடு மிக்ஸியில் அடிப்பது கூடவே கூடாது.

படி 4: உறைய வைப்பது

எங்கள் வீட்டில் பெரும்பகுதி இப்படித்தான் போகும். செர்ரி செர்ரியாகவே இருக்கும், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம்.

ஃப்ரீசருக்குள் நுழையும் அளவுள்ள தட்டில் பட்டர் பேப்பர் விரியுங்கள். கொட்டை நீக்கிய பழங்களை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இரவு முழுக்க ஃப்ரீசரில் இருக்கட்டும். காலையில் கோலிக்குண்டு போல் கெட்டியாக இருக்கும். உடனே ஜிப் லாக் பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, தேதி எழுதி மறுபடி உள்ளே வையுங்கள். தட்டில் உறைய வைக்காமல் நேரே பையில் போட்டால் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும், அப்புறம் நாலு பழம் எடுக்க முழுக் கட்டியையும் உருக்க வேண்டியிருக்கும்.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். அந்தக் குளிரில் பழம் எட்டு மாதத்துக்கு மேலும் கெடாது. ஆனால் நிறச்சத்து மாதா மாதம் குறைந்துகொண்டே வரும், அதனால் தீபாவளியையொட்டித் தீர்த்துவிடுவது நல்லது. நீண்ட மின்வெட்டில் பழம் முழுக்க இளகிவிட்டால் திரும்ப உறைய வைக்காதீர்கள், ஓரிரு நாளில் சாப்பிட்டுவிடுங்கள்.

படி 5: பல் இல்லாதவர்களுக்குக் கூழ்க்கட்டி

கொட்டை நீக்கிய பழத்தைக் கனமான பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றாமல் சிறு தீயில் வையுங்கள். தானே நீர் விடும். பத்து நிமிடத்தில் தோல் குழைந்ததும் இறக்கி, ஆறவைத்து, மிக்ஸியில் அடித்து ஐஸ் ட்ரேயில் ஊற்றுங்கள். உறைந்ததும் கட்டிகளைப் பையில் மாற்றுங்கள். தோல் தொண்டையில் மாட்டும் என்று பயப்படும் பெரியவர்களுக்கு இது ரொம்ப வசதி. நசுங்கிய பழங்களும் இதில் வீணாகாமல் போய்விடும்.

உலர்த்துவது பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை ஊர்களின் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு மொட்டைமாடியில் காயவைத்தால் உலர்வதற்கு முன் பூஞ்சை பிடித்துவிடும். உலர்த்தும் கருவி இருந்தால் இரண்டாக வெட்டி 60 டிகிரியில் ஒரு பகலும் இரவும் வைக்கலாம். உலர்ந்த பழத்தில் சர்க்கரை அடர்த்தி அதிகம் என்பதால் அளவு தவறிப்போகும். அதனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

சாப்பிடும் முறை

பாஸ்டன் ஆய்வில் ஒரு பங்கு என்று கணக்கிட்டது 10 முதல் 12 பழம், அதாவது கொட்டை நீக்கியது அரை கப். ஒரு நாளைக்கு ஒரு பங்கு போதும், வலி அடிக்கடி வருபவர் காலையும் மாலையும் ஒவ்வொரு பங்கு எடுக்கலாம். அதைவிட அதிகம் சாப்பிட்டால் பலன் கூடும் என்றில்லை. செர்ரியில் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருப்பதால் வயிறும் இளகும்.

உறைந்த பழத்தை முந்தின இரவே ஒரு கிண்ணத்தில் எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். காலையில் பழம் தொய்ந்து, அடியில் சிவப்புச் சாறு தேங்கியிருக்கும். அந்தச் சாற்றிலும் நிறச்சத்து இறங்கியிருக்கிறது, அதையும் குடித்துவிட வேண்டும். கெட்டித் தயிரில் கலந்தும் சாப்பிடலாம், அப்பாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். கூழ்க்கட்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கரைத்துக் கொடுக்கலாம். கவுட்டுக்குத் தண்ணீரும் முக்கியம் என்பதால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

100 கிராம் இனிப்புச் செர்ரியில் ஏறத்தாழ 13 கிராம் சர்க்கரை இருக்கிறது. நீரிழிவு உள்ளவர் ஒரு பங்கோடு நிறுத்தி, அன்றைக்கு வேறு பழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதே 100 கிராமில் 220 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியமும் உண்டு. கவுட் உள்ளவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் பலவீனமாக இருக்கும். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

மூட்டு திடீரென்று வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், தாமதித்தால் மூட்டே பாழாகிவிடும்.

சீசன் முடிந்தபின் கடையில் வாங்குவதாக இருந்தால்

பெரிய கடைகளில் உறைந்த செர்ரி பாக்கெட் கிடைக்கும். பின்பக்கம் 'செர்ரி' என்ற ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். சர்க்கரை என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். டப்பாச் செர்ரியைவிட இதுவே மேல். டப்பாவில் நிறச்சத்தில் கிட்டத்தட்ட பாதி பாகுக்குள் இறங்கிவிடும், அதை எடுக்க வேண்டுமென்றால் அத்தனை சர்க்கரையையும் சேர்த்துக் குடிக்க வேண்டும். புளிப்புச் செர்ரிச் சாறு என்று விலை உயர்ந்த பாட்டில்களும் வருகின்றன. வாங்கினால் சேர்த்த சர்க்கரை இல்லை என்று எழுதியிருக்கிறதா, ஆப்பிள் சாறு கலந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.