போர்த்திப் போர்த்தியே கெடுத்த சைக்கிள்

ரங்கூனுக்கு எதிர்க்கரையில், டல்லா ஜெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் ஜூன் பிறந்தாலே ஒரு காட்சி தவறாமல் நடக்கும். ரங்கூனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் காலை ஆறரைக்கு நனைந்துகொண்டே வந்து இறங்குவான். பையிலிருந்து நீலத் தார்பாயை உருவுவான். ஹேண்டில்பாரிலிருந்து டயர் வரை சைக்கிளைப் பொட்டலமாகச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவான். கொஞ்சம் தள்ளி நின்று ஒருமுறை பார்த்துவிட்டு ஆற்றைக் கடக்கும் கப்பலுக்கு ஓடுவான். "தம்பி, அதை அவிழ்த்துவிட்டுப் போ" என்றால், "நனைஞ்சிடாதா அண்ணே?" என்று கேட்பான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நர்கிஸ் புயல் அடித்ததற்கு அடுத்த வருடம், அதே இடத்தில் அதே நீலத் தார்பாயோடு நின்றவன் நான்.

பூட்ட மறக்காதே, காற்று அடித்துக்கொள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ரங்கூனில் வருடத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் கிட்டத்தட்ட எல்லாமே மே முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஆறு மாதமும் பகல் முழுக்கத் திறந்தவெளியில் நிற்கிற சைக்கிளுக்கு நாம் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் பேச்சு.

மரத்தடி நிழல்

ஸ்டாண்டில் இடம் இல்லாவிட்டால் எல்லோரும் தேடிப் போவது தூங்குமூஞ்சி மரத்தடிக்கு. மழை நின்ற பிறகும் அந்த மரம் ஒரு மணி நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். வெயில் வந்து மற்ற சைக்கிள்கள் காய்ந்துவிடும், மரத்தடி சைக்கிள் மட்டும் காயாது. மேலே காக்கை வேறு. பெரிய ஆபத்து மழைக்கு முந்திய காற்றில் இருக்கிறது. 2008 மே மாதம் நர்கிஸில் ரங்கூன் தெருக்களில் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மரத்தடியில் எதையும் நிறுத்த மாட்டார்கள்.

தார்பாய்

இதை எழுத உட்கார்ந்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. என் மேலேயேதான்.

அம்மா சீட்டுப் பிடித்த பணத்தில் வாங்கித் தந்த சைக்கிள் அது. ஜப்பானிலிருந்து வந்த செகண்ட்ஹேண்ட். முன்னால் கூடை, பின் சக்கரத்தில் வளையப் பூட்டு, டைனமோ விளக்கு எல்லாம் உண்டு. பெயிண்டில் ஒரு கீறல் கூடக் கிடையாது. மே கடைசியில் மழை பிடித்துக்கொண்டதும், இதன் மேல் ஒரு சொட்டு விழக் கூடாது என்று தார்பாய் வாங்கினேன். காலையில் நனைந்தபடி வந்து சைக்கிளைச் சுற்றிக் கட்டுவேன். சாயங்காலம் வந்து அவிழ்ப்பேன். வீட்டுக்குப் போனால் மறுபடியும் கட்டு. ஒரு நாள் விடாமல் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் செய்தேன்.

ஆகஸ்டில் பெடலை மிதித்தால் கரக் கரக்கென்று சத்தம். செயின் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஸ்போக்ஸ் ரிம்மில் சேருகிற இடமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் கிராங்கைக் கழற்றி, பி.பி. (பெடல் அச்சு சுழல்கிற அடிக்குழாய்) கப்பைத் திருகியதுதான் தாமதம், உள்ளேயிருந்து ஒரு டம்ளர் பழுப்புத் தண்ணீர் அவர் கைலி மேலேயே கொட்டியது. அவர் நிமிர்ந்து பார்த்து, பர்மிய மொழியில் அமைதியாகக் கேட்டார்: "தேத்தண்ணி நல்லா இறங்கியிருக்கு. பாலை எங்கே?"

பேரிங் பால்ஸ் எல்லாம் சொறி பிடித்துப் போயிருந்தன. ஆக்சில் தேய்ந்திருந்தது. கப்பு, செயின், பிரீவீல், எட்டு ஸ்போக்ஸ் எல்லாவற்றையும் மாற்றியதில் அந்த மாதச் சம்பளத்தில் பாதி போனது. சீட்டுப் பணம் இன்னும் கட்டி முடியவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் நடந்தே ஜெட்டிக்குப் போனேன்.

கடைக்காரர் காசு வாங்கியதோடு நிறுத்தாமல், வாசலில் நின்ற ஒரு சைக்காரை, அதாவது பர்மிய சைக்கிள் ரிக்‌ஷாவைக் காட்டினார். ஓட்டுகிறவர் அறுபது வயதுக்காரர். வண்டி பகலும் இரவும் மழையிலேயே நிற்கும். ஒரு சாக்குக் கூட மேலே போட மாட்டார். பெயிண்ட் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனால் செயின் கறுப்பாக, வழவழவென்று ஓடியது. தினம் சாயங்காலம் ஒரு துணி, வாரத்துக்கு ஒருமுறை நாலு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான் அவர் செய்வது.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு அடுப்படிக்குப் போனால் போதும். இட்லிச் சட்டி மூடியைத் திறந்தால் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டும். அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வந்ததா? நனைந்த சைக்கிளை, நனைந்த மண் தரையில் நிறுத்தி, தரை வரைக்கும் பிளாஸ்டிக்கால் மூடினால் அதுவும் இட்லிச் சட்டிதான். பத்து மணிக்கு மேகம் விலகி வெயில் அடிக்கும். உள்ளே இருக்கும் ஈரமும் தரையின் ஈரமும் ஆவியாக எழும். போக வழி இருக்காது. அரை மணியில் அடுத்த மழை வந்து தார்பாய் குளிர்ந்ததும், அந்த ஆவி உள்பக்கத்தில் நீராகப் படிந்து சைக்கிள் மேலேயே சொட்டும். ஒரு நாளைக்கு இப்படி நாலைந்து தடவை.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீருக்குள் கிடக்க வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகம் எடுத்துவிடும். மழை மாதங்களில் ரங்கூன் காற்றில் அது 85 சதவீதத்துக்கு மேல். ஆக, துருவை ஒரேயடியாகத் தடுக்க யாராலும் முடியாது. சைக்கிள் எத்தனை நேரம் ஈரமாக இருக்கிறது என்பது மட்டும்தான் நம் கையில். திறந்து நிற்கிற சைக்கிள் பத்து முறை நனையும், காற்றில் பத்து முறை காயும். கட்டி வைத்த சைக்கிள் காலையில் ஒரே முறை நனைந்துவிட்டு, சாயங்காலம் வரை காயவே காயாது.

இதோடு போகவில்லை. ஓட்டி வந்த சேறு பிளாஸ்டிக்குக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். காற்றில் தார்பாய் படபடக்கும்போது அது உப்புத்தாளாக வேலை செய்யும். பலத்த காற்றில் தார்பாய் பாய்மரமாகிவிடும். ஒரு சைக்கிள் சாய்ந்தால் வரிசையே சாயும். சாய்ந்த பத்து சைக்கிளுக்குச் சொந்தக்காரர்களும் தார்பாய்க்காரனைத்தான் தேடுவார்கள்.

சரி, என்னதான் செய்வது? நிறுத்தியதும் பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு முறை தரையில் தட்டுங்கள். பாதித் தண்ணீர் உதிர்ந்துவிடும். செயினைத் துணியில் பிடித்துக்கொண்டு பெடலை நாலு சுற்றுப் பின்னால் சுற்றுங்கள். சீட்டுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக் கட்டுங்கள். மேலே ஏதாவது போட்டே தீர வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், குடை மாதிரி ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் மேலே மட்டும் போடுங்கள். கீழே ஒரு முழமாவது திறந்திருக்கட்டும், காற்று நுழைந்து வெளியேறட்டும். வீட்டில் சுவரோரம் நிறுத்துகிறவர்கள் இறவாரத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்த்து, அதைவிட்டு உள்ளே தள்ளி நிறுத்துங்கள். மண் தரையானால் சக்கரத்தின் கீழ் ஒரு பலகை.

சீட் பைப்பு

அந்த டம்ளர் தண்ணீர் எப்படி உள்ளே போனது? தார்பாய் அதைக் காயவிடவில்லை, அவ்வளவுதான். உள்ளே விட்ட வாசல் வேறு. சீட் பைப்பு பிரேமுக்குள் இறங்கும் இடத்தில், பின்பக்கமாக ஒரு கீறு வெட்டு இருக்கும், போல்ட்டை முறுக்கினால் இறுக்கிப் பிடிப்பதற்காக. பின் டயர் வாரி அடிக்கிற தண்ணீர் நேராக அந்த வெட்டில்தான் விழும். பைப்பு வழியாக இறங்கி பி.பி.யில் தேங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

பழைய டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி, சீட்டைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டிவிட்டால் போதும். காசு செலவில்லை. கழற்றும்போதே பைப்பில் கிரீஸ் தடவுங்கள். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும், அதனால்தான் துருப்பிடித்த பைப்பு உள்ளே ஊதிக்கொண்டு இறுகிவிடுகிறது. என் மச்சான் ஒருவர் சீட்டை உயர்த்த முடியாமல் மூன்று வருடம் முழங்கால் மோவாயில் இடிக்க ஓட்டினார். பி.பி.க்கு அடியில் சில சைக்கிள்களில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். சேறு அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை சீட்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள்.

கண்ட எண்ணெய்

ஜெனரேட்டரில் வடித்த கறுப்பு எண்ணெயை செயினில் ஊற்றாதீர்கள். கரண்ட் போகிற ஊரில் அது சும்மா கிடைக்கும் என்பது உண்மைதான். அதில் இரும்புத் தூள் இருக்கிறது, செயினை அரைத்துவிடும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவ நல்லது, கழுவிய பிறகு செயின் மொட்டையாக நிற்கும், உடனே எண்ணெய் விடாவிட்டால் அடுத்த நாளே சிவக்கும். இன்னொன்று, ஈரச் செயினில் எண்ணெய் விட்டால் தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டியது போல. முதலில் துடைத்துக் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். பளபளவென்று எண்ணெய் வழிகிற செயினில் ஊர் மணல் எல்லாம் ஒட்டும்.

மின்கம்பத்தில் கட்டுவது

கூடாது. தெருவில் தண்ணீர் தேங்கிய நாளில் அவிழ்க்கப் போகிற கை உங்களுடையது.

வெள்ளத்தில் நின்ற சக்கரம்

அமாவாசை, பௌர்ணமியில் ஆற்றில் தண்ணீர் ஏறும் நேரத்தில் மழையும் சேர்ந்துகொண்டால் டல்லாப் பக்கம் தாழ்வான இடமெல்லாம் நிரம்பிவிடும். சக்கரத்தின் நடு வரைக்கும் தண்ணீரில் நின்ற சைக்கிள் மறுநாள் நன்றாகவே ஓடும். அதுதான் ஏமாற்று. ஹப்புக்குள் போன சேற்றுத் தண்ணீர் கிரீஸைப் பாலாக்கியிருக்கும். அந்த வாரமே ஹப்பைத் திறந்து, துடைத்து, புதுக் கிரீஸ் வைத்தால் ஒரு டீ, சமோசா காசோடு முடியும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கோன், பால்ஸ், சில சமயம் ஹப்பே புதிது.

ஹோஸ் பைப்பால் பீய்ச்சிக் கழுவுவது

மேலே சொன்ன வெள்ளத்தை நீங்களே கொண்டுவருகிறீர்கள்.

தண்ணீர்த் திருவிழாவை மறப்பது

மழைக்காலத்துக்கு முன்னாலேயே ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டை ஒட்டித் திஞ்சான் வந்துவிடும். தெருவில் வாளி வாளியாக ஊற்றுவார்கள், யாரும் தப்ப முடியாது. அப்புறம் லீவு. நனைந்த சைக்கிள் ஒரு வாரம் மூலையில் சாய்ந்து கிடக்கும், வேலைக்குக் கிளம்பும் அன்று செயின் வளைய மறுக்கும். புத்தாண்டு அன்றே துடைத்து எண்ணெய் விட்டால் இந்தப் பாடு இல்லை.

பூட்டு

சாவித் துளை கீழே பார்த்திருக்கட்டும்.

பிரேக்கை நம்பி ஏறுவது

நாள் முழுக்க மழையில் நின்ற சைக்கிளில் சாயங்காலம் முதல் பத்து கஜத்துக்கு பிரேக் இருக்காது. குரோம் ரிம்மில் தண்ணீர்ப் படலம் இருக்கும்வரை ரப்பர் கட்டை வழுக்கும். நாலு தடவை லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் ரிம் துடைபட்டுப் பிடிக்கத் தொடங்கும். இது தெரியாமல் ஸ்டாண்டுக்கு வெளியே இருக்கும் சின்ன இறக்கத்தில் ஏறி உட்கார்ந்து, ஒரு அக்காவின் மீன்கூடையில் போய் முட்டினேன். கெளுத்தி எல்லாம் ரோட்டில். பொறுக்கிக் கொடுத்துவிட்டு, நசுங்கிய நாலைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் மீன் குழம்பு.