ரேடியேட்டர் ஃபேன் மோட்டாரை வீட்டில் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஊர்ந்து போகும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, நாகர்கோவில் நான்குவழிச் சாலையில் வேகம் எடுத்ததும் இறங்கிவிடுகிறது. இப்படி இருந்தால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல்தான். ஓடுகிற வண்டிக்கு எதிர்காற்று கைகொடுக்கும். நிற்கிற வண்டிக்கு ஃபேனை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் ஃபேன் சுற்றவில்லை என்றதுமே மோட்டார் போச்சு என்று புதிது வாங்கிவிடாதீர்கள். ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்), சூட்டை அறியும் சென்சார், எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் மைனஸ் இணைப்பு) எது போனாலும் ஃபேன் நிற்கும்.

சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். அதனால் இன்ஜின் ஆறட்டும். மோட்டாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு அப்புறம் இறக்கையைத் தொடுங்கள். கையால் தள்ளினால் லேசாகச் சுற்ற வேண்டும்.

பெரிய தவறு வயரில்தான் நடக்கிறது. மோட்டாரைச் சோதிக்க, கையில் கிடைத்த மெல்லிய வயரை பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்கிறார்கள். பல கார்களில் இந்த மோட்டார் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும், கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். வயர் உருகி கையைச் சுட்டுவிடும். 4 சதுர மில்லிமீட்டர் வயர் எடுங்கள், பாசிட்டிவ் பக்கம் 30 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். கடைசித் தொடுப்பை மோட்டார் பக்கம் வையுங்கள். பேட்டரி அருகே பொறி பறந்தால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும்.

இரண்டு வயர் மோட்டாரில் பிளஸ், மைனஸ் மாறினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். சுற்றுகிறதே, சரி என்று விட்டுவிடுவார்கள். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தால், முன்பக்கம் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு வயர் இருந்தால் ஊகத்தில் கரண்ட் கொடுக்கவே வேண்டாம். அதில் ஒன்று சிக்னல் வயராக இருக்கலாம், கன்ட்ரோலர் போய்விடும். வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்த பிறகே தொடுங்கள்.

மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பார்த்து "நல்லா இருக்கு" என்பதையும் நம்பாதீர்கள். மோட்டாருக்குள் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் அதில் பெரும்பாலும் பிடிபடாது. சுற்றாத மோட்டாரின் முதுகில் ஸ்பேனரால் லேசாகத் தட்டியதும் ஓடினால், பெரும்பாலும் கார்பன் முடியும் கட்டம். இன்று ஓடும், சித்திரை வெயிலில் நடுரோட்டில் நிற்கும். பத்து நொடி ஓட்டிப் பார்ப்பதும் போதாது. ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். சூடேறியதும் வேகம் குறைந்தாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஆடிக் காற்றில் பணகுடி, காவல்கிணறு பக்கம் ஓடுகிற வண்டியென்றால் புஷ்ஷில் (மோட்டார் தண்டைத் தாங்கும் வளையம்) மண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்த கரண்டில் நன்றாக ஓடினால் கனெக்டரை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே கிளம்பும். கிளம்பினால் சென்சார் பக்கம் தேடுங்கள், கிளம்பாவிட்டால் ஃபியூஸ், ரிலே, எர்த்.