பிச்சாவரத்துல கடல் ஏறுறத நீங்களே கண்டுபிடிக்க

வெள்ளாறுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்குற அலையாத்திக் காட்ட (கண்டல் காடுன்னும் சொல்வாங்க) கடல் மட்டம் என்ன பண்ணுதுன்னு பாக்கணும்னா ஒரு போன், ஒரு நோட்டு, நாலஞ்சு வருஷ பொறுமை இருந்தா போதும். காப்புக்காடுங்கறதால வனத்துறைகிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க.

அமாவாசை இல்ல பௌர்ணமிய ஒட்டி போங்க, ஓதம், அதாவது கடல் தண்ணி ஏறி எறங்குறது, நல்லா ஏறி நல்லா வத்தறது அப்பதான். வருஷா வருஷம் அதே மாசம் போகணும், ஏன்னா வங்காள விரிகுடால ஐப்பசி கார்த்திகைல தண்ணி தானாவே ஒசந்துதான் நிக்கும், அத பங்குனியோட ஒப்பிட்டு கடல் ஏறிடுச்சுன்னு சொன்னா போட்காரர் சிரிப்பார்.

கடல் மட்டம் ஏறுறதோட உலக சராசரி 2006ல இருந்து 2018 வரைக்கும் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர்தான். குச்சி நட்டு அளந்தா ஒண்ணும் தெரியாது, மரத்த பாருங்க. கால்வா ஓரமா கால் ஊனி நிக்கிறது சுரபுன்னை, அதுக்குப் பின்னாடி சேத்துல பென்சில் நட்ட மாதிரி மூச்சு வேர் நீட்டிட்டு வெண்கண்டல், இன்னும் மேட்டுக்குப் போனா உமிரிங்கற உப்புநிலச் செடி. தண்ணி எவ்ளோ நேரம் நிக்குதோ அதுக்கேத்த வரிசை இது. கால்வாய்ல இருந்து மேடு வரைக்கும் ஒரே நேர்கோட்டுல நடந்து பத்தடிக்கு ஒருக்கா என்ன மரம், எங்க கன்னு முளைச்சிருக்குன்னு எழுதி, அதே எடத்துல நின்னு போட்டோ எடுங்க. வெண்கண்டல் கன்னு உமிரிக்குள்ள ஏறிட்டே வருது, தண்ணி ஓரத்துல பெரிய மரம் பட்டுப்போகுதுன்னா சந்தேகப்படலாம்.

சந்தேகம் மட்டும்தான், அவசரப்படாதீங்க. கொள்ளிடத்துல வெள்ளம் வந்தாலும் முகத்துவாரத்துல மணல் அடைச்சாலும் கதை மாறிடும். முன்னாடி இங்க மொத்தமா மரம் வெட்டினதுல தரை தொட்டியாட்டம் அமுங்கி, தண்ணி தேங்கி, உப்பேறி காடே அழிஞ்சுது, அதுக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்ல, அப்புறம் மீன்முள் மாதிரி கால்வா வெட்டி தண்ணி போய்வர வச்சுதான் திரும்ப கண்டல் நட்டாங்க.

பாதி பேரு விட்டுடறது காட்டோட முதுகுப் பக்கம், அதாவது ஊர்ப் பக்கம். ஆத்து வண்டல் படிஞ்சு தரை ஒசந்தா காடு தாக்குப்பிடிக்கும், ஆனா 1934ல இருந்து மேட்டூர் அணை வண்டல பிடிச்சு வச்சுக்குது. அப்ப காடு பின்னாடி நகரணும். அங்க இறால் பண்ணை கரையோ ரோடோ நின்னா எங்க போகும்? அதனால கடைசி கண்டலுக்கும் அந்தக் கரைக்கும் எத்தனை அடின்னு கண்டிப்பா எழுதுங்க.

அந்தப் பக்கம் தில்லை மரம் இருக்கும், கெளைய ஒடிக்காதீங்க, பால் கண்ணுல பட்டா அவ்ளோதான்.