முறுக்கு விற்றது, பணம் எங்கே?

மேற்கு மாம்பலத்தில் வீட்டிலேயே முறுக்கு, தட்டை போட ஆரம்பித்தேன். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) பதிவெல்லாம் முதலிலேயே முடித்தாயிற்று. நாலு மாதம் நல்ல விற்பனை. கையில் மட்டும் காசு நிற்கவில்லை. கடலை எண்ணெயும் வீட்டு மளிகையும் ஒரே ஜிபேயில் போனால் கணக்கு எப்படித் தெரியும்?

வியாபாரத்துக்கென்று தனி கரன்ட் அக்கவுன்ட் திறந்தேன். எனக்கே மாதச் சம்பளம் எழுதிக்கொண்டேன் (வீட்டுக்காரர் சிரித்தார்). பிறகு அடக்கவிலை போட்டால் கேஸ், கவர், போரூர் வரை பெட்ரோல், என் உழைப்பு எதுவுமே விலையில் சேரவில்லை! கால் கிலோவுக்கு 15 ரூபாய் ஏற்றினேன். என்னிடம் சரக்கு வாங்கும் கடைகளில் இரண்டுதான் விலகின.

பெரிய தலைவலி கடன் பாக்கி. ஒரு கடை 38,000 ரூபாயை மூன்று மாதம் இழுத்தடித்தது. ஆடிட்டர் சொல்லித்தான் உத்யம், அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, செய்தேன். கட்டணமே கிடையாது, காசு கேட்பவர்கள் இடைத்தரகர்கள். பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். பதிவுக்கு முன் கொடுத்த சரக்குக்கு அது உதவவில்லை, நடையாய் நடந்தேன். இப்போது பில்லிலேயே உத்யம் எண்ணும் கெடு தேதியும் அச்சாகின்றன. அந்தக் கடையிலிருந்து இன்னும் 6,000 வரவேண்டும்.